தவறாத பச்சை

"இன்னிக்கும் பச்சை! கண்ணால பாத்துக்க மாப்ளே." விளையாட்டு வாத்தியார் தன் செல்போனை மைத்துனனின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். திரையில் அவர் மனைவியின் படத்துக்குக் கீழே ஒரு பச்சைப் பொட்டு ஜம்மென்று எரிந்தது.

மனைவியோ கட்டில் விளிம்பில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது. பேசத் தெம்பில்லாமல் தம்பியையே பார்த்தாள்.

"அத்தான், வாசல்ல வண்டி நிக்குது. அக்காவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு? அதான் ஆஸ்பத்திரியே வீட்டுக்குள்ள வந்தாச்சே!" வாத்தியார் இளக்காரமாகச் சிரித்தார்.

ஆஸ்துமாக்காரர்கள் வீட்டிலேயே ஊதிப் பார்க்க ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னக் கருவியைத்தான் அப்படிச் சொன்னார். ஊதினால் மூச்சின் வேகம் செல்போன் வழியாக நேரே அங்கே போய்விடும். பச்சை வந்தால் பயமில்லை, சிவப்பு வந்தால் உடனே கிளம்பி வரவேண்டும்.

கருவி இருந்தது குளியலறை அலமாரியில், வாத்தியாரின் ரேசருக்கும் விசிலுக்கும் நடுவில். அந்த விசிலை அவர் ஊதினால் மைதானத்தின் மறுகோடியில் நிற்பவன்கூட விறைத்துப்போவான். மூச்சு வாங்குகிறது என்று யார் சொன்னாலும் அவருக்கு அது சோம்பேறியின் சாக்கு. ஆனால் மனைவியின் பச்சைப் பொட்டை மட்டும் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் காட்டி, ஏதோ தானே வைத்தியம் பார்த்தது போலப் பீற்றிக்கொள்வார்.

"என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பலாம்னா போதும், உங்கக்காவுக்கு இழுப்பு வந்துடும். என்னமா நடிக்கறா பாரு!" கட்டிக்கொண்டவள் மூச்சுக்குத் தவிக்கும்போது இப்படிப் பேச ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இந்த அளவுகளைக் கண்காணிக்கும் நர்ஸைத் தன் போனில் கூப்பிட்டு அக்காவைப் பற்றிக் கேட்டான். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் உற்சாகமாக வந்தது. "அவங்களா? ஒருநாள்கூட விட்டதில்லையே! எங்க பேஷண்ட்லயே இவங்க மூச்சுதான் டாப்."

"கேட்டுக்கிட்டியா?" வாத்தியாரின் மீசை துள்ளியது. தம்பிக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அக்கா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள், அதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

"எதுக்கும் இப்ப ஒரு தடவை ஊதச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள் நர்ஸ்.

தம்பி கருவியைக் கொண்டுவந்து அக்காவின் வாயில் வைத்தான். அவள் ஊத, பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. 'முயற்சி போதவில்லை, மீண்டும் ஊதவும்' என்றது வாத்தியாரின் செல்போன். பச்சையும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. மறுபடி ஊதினாள், மறுபடியும் அதே பாட்டு.

"சார்..." நர்ஸின் குரலில் உற்சாகம் போயிருந்தது. "தினமும் இப்படித்தான் ஊதுவாங்களா?"

வாத்தியார் மனைவியின் கையிலிருந்து கருவியை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஒழுங்கா ஊதத் தெரிஞ்சாத்தானேம்மா இவளுக்கு! அதான் தினமும் நானே ஊதி அனுப்பிடறேன்."