ஒழுகாத படகு

"படகு பார்க்க வந்தீங்களா, இல்ல அதுக்குப் பல்லு பிடுங்க வந்தீங்களா?"

மனைவி கேட்டது காதில் விழுந்தும் பல் டாக்டர் திரும்பவில்லை. கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த நீளக் காம்புக் கண்ணாடியைப் படகின் அடியில் நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய மோட்டார் படகு என்னவோ பளபளவென்றுதான் இருந்தது.

"புதுசா பெயின்ட் அடிச்சிருக்கீங்களே, எதை மறைக்க?"

"அழகுக்கு அடிச்சேன் சார்," என்றார் படகுக்காரர். காலையிலிருந்து பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். சொத்தைப் பல்லைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் காதை வைத்துக் கேட்டார். பிறகு எஞ்சின் மூடியைத் தொட்டார்.

"சூடா இருக்கே! நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சுட்டீங்களா?"

"வெயில்ல நிக்குது சார்! என் தலையைத் தொட்டுப் பாருங்க, அதுவும் சூடாத்தான் இருக்கும்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்க, கால் கடுக்குது. நல்லாத்தானே இருக்கு? வாங்கித் தொலைங்களேன்!"

"நீ சும்மா இரு. அஞ்சு படகுல பட்டது போதாதா?"

பட்டது உண்மைதான். ஒரு மாதத்துக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமையானால் இதே கூத்து. காரில் கிளம்பி, எங்கோ ஒரு மூலைக்குப் போய், தட்டி, தடவி, மோந்து பார்த்து, கடைசியில் தண்ணீரில் இறக்கினால் குபுகுபுவென்று உள்ளே ஏறிவிடும். ஒரு படகாவது ஒழுங்காக மிதக்கவேண்டுமே!

மற்ற ஆறு நாளும் மனிதர் அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசோ பேசென்று பேசுவார். வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்கமாட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் திறப்பார், அதுவும் சத்தமில்லாமல்.

படகின் பின்பக்கம், அடியில் ஒரு ஓட்டை. உள்ளே சேருகிற தண்ணீரைக் கரையில் வைத்து வடிக்க. அதை அடைக்கும் பித்தளைத் திருகைப் படகுக்காரர் கையாலேயே கழற்றிக் காட்டினார். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடி முறுக்கினார். டாக்டரும் தன் பங்குக்கு ஒரு முறுக்கு முறுக்கினார்.

"இது மட்டும் அமைஞ்சுதுன்னா ஞாயிற்றுக்கிழமையானா நான் ஏரியிலதான்!" என்றார்.

"அப்ப நான்?"

"உனக்குத்தான் படகுல ஏறினாலே குமட்டுமே. கரையில உக்காந்து பாரு." முகம் மாறியது. "ஆனா ஒண்ணு. இதுவும் ஒழுகிச்சுன்னா இந்த ஆசைக்கே ஒரு கும்பிடு. ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக்கைத் திறந்துடறேன்."

"நல்லாத் திறங்க. யாரு வேண்டாம்னா?"

ஆண்கள் இருவரும் மிதவைச் சட்டை எடுக்க ஷெட்டுக்குப் போனார்கள். மனைவி முணுமுணுத்துக்கொண்டே படகின் நிழலுக்கு நகர்ந்தாள்.

படகு ஏரியில் இறங்கியது. எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. டாக்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவள் கரையிலிருந்து கையசைத்தாள். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. "ஐயையோ, தண்ணி! திருப்புங்க, திருப்புங்க!" என்று அலறல் கேட்டது. திரும்பி வந்தபோது இருவருக்கும் கணுக்கால் வரை ஈரம்.

படகுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "திருகைக் காணோம்! நான் முறுக்கினேனே! நீங்களும்தானே சார் முறுக்கினீங்க?"

"மரை தேஞ்சிருக்கும்யா! விக்கிறவங்க எல்லாரும் இதே பாட்டைத்தான் பாடறீங்க!" டாக்டர் கத்தினார்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க..."

"நான் என்னத்தைச் சொல்ல? என்னங்க, ஈரத்தோட நிக்காதீங்க. வாங்க போகலாம்."

கார் கிளம்பியது. டாக்டர் ஆரம்பித்தார். படகுக்காரரைத் திட்டினார். பெயின்டைத் திட்டினார். அப்படியே சின்ன வயதில் தகர டப்பாவில் படகு செய்து வாத்தியாரிடம் அடி வாங்கிய கதைக்குப் போனார். அங்கிருந்து கல்யாணமான புதிதில் இருவரும் ரயிலைக் கோட்டைவிட்ட கதைக்கு வந்தார். அவளுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. வழி நெடுக அவர் வாய் ஓயவில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் முகம் தொங்கிவிட்டது. "அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலேர்ந்து கிளினிக்."

"அணைக்கட்டுப் பக்கம் ஒரு படகு விலைக்கு இருக்காம்," என்றாள் மனைவி, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே. "பேப்பர்ல போட்டிருந்தான். போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

டாக்டர் நம்பமுடியாமல் பார்த்தார். "நீயா சொல்றே?"

"பின்னே? ஏதாவது ஒண்ணை வாங்கினாத்தானே என் அலைச்சல் தீரும்! போங்க, முதல்ல குளிங்க."

அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குளியலறைக்குள் போனதும், அவள் கைப்பையிலிருந்து அந்தப் பித்தளைத் திருகை எடுத்துத் துடைத்து, பொத்தான் டப்பாவில் கிடந்த மற்ற ஐந்து திருகுகளோடு போட்டு மூடினாள்.