ஊரில் ரெண்டே பேர்

"இல்லைன்னு சொல்லாதீங்க பாய். டிராயர்ல ஒரு அட்டை இருக்கு. என் கண்ணால பார்த்தேன்."

நிர்மலா டீச்சர் குரலை அடக்கித்தான் பேசினாள்.

மெடிக்கல் கடை கவுஸ் பாஷா டிராயரைச் சாத்தினார். "அது வேற ஒருத்தருது டீச்சர். நாலே நாலு மாத்திரை. எடுத்து வெச்சிருக்கறேன்."

"யாருது?"

"அத்த சொல்லமாட்டேன். உங்க பேரையும் இத்தினி நாளா யார்கிட்டயும் சொன்னதில்லியே. சங்கராபுரத்துலயே இந்த மாத்திரை சாப்பிடறது ரெண்டே பேருதான். நீங்க ஒண்ணு, அவரு ஒண்ணு."

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீட்டு மறியலில் அன்று மூன்றாம் நாள். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ் இல்லை. விழுப்புரத்திலிருந்து மருந்து வண்டியும் வரவில்லை.

மறியல் என்ற பேச்சு வந்ததுமே ஊர் மொத்தமும் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிச் சேர்த்தது. நிர்மலாவும் சேர்த்தாள், மாத்திரையைத் தவிர. ஒரே சமயத்தில் ரெண்டு அட்டை கேட்டால் பாய் என்ன நினைப்பாரோ என்று கூச்சம்.

மனச்சோர்வுக்கான மாத்திரை அது. அதைத் தின்கிறாள் என்று தெரிந்த அன்றே, பைத்தியத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லி, புருஷன் வீட்டில் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். பிறந்த ஊரான திருநாவலூரிலும் அதே பேச்சு. தெரிந்த முகமே இல்லாத இடமாகப் பார்த்து இங்கே மாற்றல் வாங்கி வந்தாள். ஒரு ரூம், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. அவள் சங்கதி தெரிந்த ஒரே ஆள் பாய்தான். கடையில் ஆட்கள் போகும்வரை காத்திருந்து காலி அட்டையை நீட்டுவாள். அவரும் வாய் திறக்காமல் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்.

"மாத்திரை போட்டு ரெண்டு நாள் ஆச்சு பாய். குமட்டுது. வேர்த்துக் கொட்டுது. கண்ணை மூடினா கண்ட கனவும் வருது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுகை வருது. ஸ்கூல் திறந்து பிள்ளைங்க முன்னாடி இப்படி ஆச்சுன்னா, இந்த ஊர்லயும் அந்தப் பேர்தான் வரும். நான் அப்புறம் எங்க போவேன்?"

பாய் டிராயரை மறுபடி திறந்தார்.

"இத்த ஒரேடியா நிறுத்தக் கூடாது. டாக்டரு சொல்லிக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்" என்றவர், பிளேடை எடுத்து ஒரு மாத்திரையை இரண்டாக வெட்டினார். "உங்களுக்கு அரை, அவருக்கு அரை. ரோடு தெறக்கற வரிக்கும் தெனம் வந்து வாங்கிக்குங்க."

முழுசாக நாலு கையில் இருந்தும் அரையை நீட்டுகிறாரே என்று நிர்மலாவுக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஐந்தாம் நாள் அவள் போனபோது கடையில் ஒரே சத்தம். கல்வராயன் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்த ஒருவர், பிள்ளைக்கு ஜுரம் என்று நின்றிருந்தார்.

"அதுக்கு இன்னான்ற? ஏன் என் உசுர எடுக்கற?" பாய் மருந்து பாட்டிலை நங்கென்று மேஜையில் வைத்தார்.

அந்த மனிதர் பயந்துபோய் பாட்டிலோடு நகர்ந்தார். நாலு நாள் வண்டி வராவிட்டால் கடைக்காரருக்கு எவ்வளவு திமிர் வந்துவிடுகிறது!

"அரை பத்தலை பாய்" என்றாள், எரிச்சலை மறைக்காமல். "ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன். அந்தப் பெரிய மனுஷர் ஒரு நாள் விட்டுக் கொடுத்தா கொறைஞ்சா போயிடுவார்? அவருக்கு வீடு, குடும்பம்னு பார்த்துக்க ஆள் இருக்கும். எனக்கு யார் இருக்கா?"

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுப் பாக்கறேன் டீச்சர்."

மறுநாள் கடையில் பாய் இல்லை. பின்கட்டு வீட்டிலிருந்து அவர் மனைவி நூர்ஜகான் வந்து, முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. இத்த உங்களாண்ட குடுக்கச் சொன்னாரு."

நிர்மலா பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே மாத்திரை, வெட்டாமல் முழுசாக. கடைசி மாத்திரை.

பரவாயில்லை, அந்த ஆளுக்கும் மனசு இருக்கிறது.

"பாய் எங்கக்கா?"

"உள்ள படுத்துகினு இருக்காரு. ரெண்டு மூணு நாளாவே தூக்கம் இல்ல. குமட்டுதுன்றாரு, வேர்த்துக் கொட்டுது. பசங்க கிட்ட வந்தாலே எரிஞ்சி விழறாரு. காலையிலேர்ந்து ஒரே வாந்தி. இன்னா ஒடம்புக்குன்னு கேட்டா செவுத்துப் பக்கம் திரும்பிக்கறாரு. ஊருக்கே மருந்து குடுக்கற மனுஷன், தனக்கு ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்க மாட்டன்றாரே!" நூர்ஜகான் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். "வூடு நெறைய ஆளு இருக்கறோம். ஒத்தையா கெடக்கறாரு டீச்சரம்மா."

நிர்மலா உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள். நேற்று தான் பேசியது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"அக்கா, டிராயர்ல பிளேடு இருக்கும். எடுங்க."

மாத்திரையை இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைப் பேப்பரில் மடித்து நூர்ஜகான் கையில் வைத்தாள்.

"இதைப் பாய்கிட்ட கொடுங்க. அந்த இன்னொருத்தர்கிட்ட இப்பவே சேர்த்துடச் சொல்லுங்க."

"யாரு டீச்சரம்மா அது?"

"அதை நான் சொல்லமாட்டேன்க்கா."