இருபத்தொன்றாவது வரி

அவசரக் கூட்டம் கூட்டுவதென்று அவன் முடிவு செய்தான்.

குழுவில் அவன் ஒருவன்தான். ஆகவே கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. லுங்கியை அவிழ்த்துப் பேண்ட் போட்டுக்கொண்டான். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். திரையில் அந்தக் கடிதம் திறந்தே இருந்தது.

பொருள்: குழுவில் சேர ஒருவர் விருப்பம் தெரிவித்திருப்பது.

பதினோரு வருஷத்தில் வந்த முதல் கடிதம். இதற்கு முன்பு வந்ததெல்லாம், உங்கள் இணையதளத்தைத் தேடலில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டவை.

அவன் செய்தது ஒரு சின்ன மென்பொருள். பெயர் கொக்கி. கணினியில் நகலெடுத்த கடைசி இருபது வரிகளை மாட்டி வைத்துக்கொள்ளும். வேண்டியதைத் தொட்டால் திரும்பத் தரும். அவ்வளவுதான். நூற்று நாற்பத்தெட்டு கேபி. வாட்ஸாப்பில் வருகிற காலை வணக்க ரோஜாப்பூ இதைவிடக் கனம். இலவசம். மூலநிரலும் திறந்தே கிடக்கும். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம்.

யாரும் எடுக்கவில்லை.

வாரநாளில் அவன் பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வக உதவியாளன். கொக்கியின் இணையப் பக்கத்தில் மட்டும் நிறுவனர், தலைமைச் சிற்பி. 'எங்கள் குழு' என்ற தலைப்பின் கீழ் இன்னும் மூன்று பேர். தரக் கட்டுப்பாடு: மனைவி சுகந்தி. பன்னாட்டு ஒருங்கிணைப்பு: தோகாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் மச்சான். சட்ட ஆலோசனை: கீழ்வீட்டு நோட்டரி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தக் குழுவில்தான் இடம் கேட்டிருந்தாள், நாசரேத்திலிருந்து ஜெபசெல்வி.

பத்தொன்பது வரிக் கடிதம். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக, படிவம் நிரப்பியது போல.

வணக்கம் சார்.

கொக்கி இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது.

ஆனா ஒரு சின்னக் குறை இருக்கு சார்.

அவளுக்கு இ-சேவை மையத்தில் வேலை. ஒரே தெருப் பெயரை, ஒரே தாலுகாப் பெயரை நாள் முழுக்க டைப் அடிக்கிறவள். இருபத்தொன்றாவது வரியைப் பிடிக்கும்போது கொக்கி முதல் வரியை விட வேண்டும். அது நியாயம். இரண்டாவதையும் சேர்த்து விட்டுவிடுகிறதாம். புத்தகம் வாங்கிப் படித்து அவளே சரிசெய்திருந்தாள். நாலு வரித் திருத்தம், கடிதத்தோடு இணைப்பில்.

அவனுக்கு அந்தப் பிழை தெரியாது. பதினோரு வருஷத்தில் அவனே இருபதைத் தாண்டியதில்லை.

'உங்க குழுவுல நானும் சேரலாமா சார்' என்று முடித்திருந்தாள்.

மூன்று முறை படித்தான். அடுக்களைக்குப் போய், வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த சுகந்திக்கும் படித்துக் காட்டினான். இனி பேச ஓர் ஆள். இதை ஏன் சார் இப்படி எழுதினீங்க என்று கேட்க ஓர் ஆள். பதினோரு வருஷமாக அவன் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

"வாம்மான்னு ஒரு வரி எழுதிப் போடுங்களேன்."

"எடுத்தோம் கவுத்தோம்னு எழுத முடியாது. குழு முடிவு பண்ணணும்."

"நானும் குழுதானே? நான் சரின்னுட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. வாம்மா என்றால் வந்துவிடுவாள். வந்தால், மத்தவங்கல்லாம் எங்க சார் என்பாள்.

கூட்டம் கூடியது. விவாதித்தது. இடையில் ஒரு டீ.

'தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது. குழு பரிசீலித்து முப்பது வேலை நாள்களில் முடிவைத் தெரிவிக்கும். அதுவரை தங்கள் திருத்தம் நிலுவையில் வைக்கப்படுகிறது.'

ஒருமனதாக நிறைவேறியது.

முப்பது வேலை நாள்கள். ஞாயிறுகளைக் கழித்தான். முதல் வாரத்திலேயே அவள் பெயரைப் பக்கத்தில் ஏற்றிப் பார்த்தான். சுகந்திக்குக் கீழே, மச்சானுக்கு மேலே. நன்றாக இருந்தது. எடுத்துவிட்டான். நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே.

மூன்றாம் வாரம் 'உறுப்பினர் நடத்தை விதிகள்' எழுதினான். பதினான்கு பக்கம். அதில், ஒரே இடத்தை இருவர் திருத்தும்போது எழும் பூசல்களைத் தீர்ப்பது எப்படி என்று ஓர் அத்தியாயம். அதை எழுதும்போது மட்டும் கண் கலங்கியது.

முப்பதாம் நாள் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கே அனுப்பிவிட்டான். 'தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள் என்பதைக் குழு பெருமகிழ்ச்சியுடன்...'

பதில் மறுநாள் மத்தியானம் வந்தது. இரண்டே வரி.

மையத்துக்குப் புது கம்ப்யூட்டர் வந்துட்டு சார், அதுலயே இந்த வசதி இருக்கு.

உங்க குழுவுக்கு என் வாழ்த்துகள்.

சுகந்தி சாப்பிடக் கூப்பிட்டாள். வர்றேன் என்றான்.

வரவில்லை.

கொக்கியைத் திறந்தான். அவள் சொன்ன பிழையை அவன் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க இருபத்தொரு வரி வேண்டும்.

அவளுடைய முதல் கடிதத்தை ஒவ்வொரு வரியாக நகலெடுத்தான். பத்தொன்பது. புதுக் கடிதத்தின் முதல் வரி. இருபது. எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின.

வாழ்த்துகளையும் எடுத்தான்.

மேலே இருந்த இரண்டு வரிகளும் காணோம். பட்டியல் இப்போது இப்படித் தொடங்கியது:

ஆனா ஒரு சின்னக் குறை இருக்கு சார்.