வாராவாரம் ராசப்பன்

வியாழக்கிழமை ஓமனா சேச்சி வீட்டு டிவியில் நாடகம் தொடங்கினால், "அதோ நம்ம ராசப்பண்ணன்" என்று மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவே கத்தும். பக்கத்து வீட்டு மாயம்மாளுக்கு வயிறு எரியும். அவள் புருஷன் பிச்சைமணியும் அதே நாடகத்தில் நடித்தவன்தான். மண்டியில் தூக்கும் சுக்கு மூட்டையை நாடகத்திலும் தூக்கினான். ஒரே வாரம், அதோடு சரி. ராசப்பனோ ஏழு வாரமாக விடாமல் வருகிறான். அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் அவள் எழுந்து போய்விடுவாள். டிவி பக்கமும் போவதில்லை.

ராசப்பன் மனைவி பாக்கியலக்ஷ்மியும் போவதில்லை என்று தெரிந்ததும், மாயம்மாள் குழாயடியில் கேட்டேவிட்டாள்.

"என்ன பாக்கியம், ஸ்டார் பெண்டாட்டிக்குத் தெருக்காரங்ககூட உக்காந்து பாக்கக் கொறச்சலோ?"

"அதில்லக்கா. பயமா இருக்கு."

"புருஷன் நடிக்கிறதுல என்னடி பயம்? ஜோடி கட்டியிருக்கானா?"

"ஜோடியும் இல்ல, வசனமும் இல்ல. கதையில அவரு செத்துப்போன அச்சன். போட்டோவ சுவத்துல மாட்டி, மாலை போட்டு, விளக்கு வச்சிருக்காங்க. வாராவாரம் மக வந்து அதுமுன்னால அழறா."

மாயம்மாளின் குடம் நிரம்பி வழிந்தது.

பாக்கியலக்ஷ்மி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒரு வாரம்னாலும் பிச்சைமணி சேட்டன் உயிரோட நடந்துல்ல வந்தாரு. நீங்க குடுத்துவச்சவங்கக்கா."