விரிசல் ஓரத்து விருந்து

சுரங்கப் பள்ளத்தின் விளிம்பில், தரை பிளந்து ஓடிய விரிசலுக்கு இரண்டடி தள்ளி கம்கா விருந்துத் துணியை விரித்தாள். "வருஷம் திரும்புது. அவர் செத்த எடத்தப் பாத்துதான் ரொட்டி வைப்பேன்," என்று அவள் சொன்னபோது யாராலும் மறுக்க முடியவில்லை. கசாக்குகளிடம் செத்தவர் பேரில் வைக்கும் ரொட்டியை வேண்டாம் என்றால் ஊர் காறித் துப்பும்.

போன வருடம் இதே பனி உருகும் பருவத்தில்தான் எதிர்ப்பக்கச் சுவர் சரிந்து, கீழே நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் தௌலெத்தை இயந்திரத்தோடு மூடியது.

விரிசல்களின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டிக் கண்காணிப்பது கம்காவின் வேலை. உள்ளே தண்ணீர் இறங்கி மண் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடனே கீழே இருப்பவர்களை மேலே ஏற்ற வேண்டும். அன்று உடைந்ததும் மேலாளர் எர்மெக்கிடம்தான் ஓடினாள். இன்னும் ரெண்டு லோடு ஏறட்டும் என்றான் அவன்.

விசாரணையில் கூசாமல் பிளேட்டைத் திருப்பிப் போட்டான். யாரும் வந்து சொல்லவில்லையாம். ஆபீஸில் உட்காருகிறவனாம், கண்ணாடி உடைந்தால் என்ன அர்த்தம் என்றே தெரியாதாம். விசாரணை அதிகாரி சத்தார் இன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடிவிடுவார். அப்புறம் எர்மெக்கை ஒருத்தராலும் அசைக்க முடியாது.

இருவரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். கம்கா மரியாதையாக எர்மெக்கை விரிசல் பக்கம் உட்கார வைத்தாள்.

"விரல்ல என்னம்மா கட்டு?" என்று கேட்டார் சத்தார்.

"ரொட்டி அறுக்கறப்ப கத்தி பட்டுடுச்சு அகா." அண்ணன் முறை வைத்துச் சொல்லிக்கொண்டே, எப்போதும்போல ரொட்டியைக் கையால் பிய்த்து வைத்தாள்.

டீக் கிண்ணத்தை வாங்கும்போதுதான் எர்மெக் பக்கத்தில் பார்த்தான். விரிசல்மேல் கண்ணாடி இரண்டாக உடைந்து கிடந்தது. அடியில் பனித் தண்ணீர் மினுங்கியது.

அவன் முகம் வெளிறிப்போனது. கம்கா அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் எரிந்த நெருப்பு அந்தக் கண்ணில் இருந்தது.

"ரொட்டியத் தொடாம எந்திரிக்கக் கூடாது அகா," என்றாள் மெதுவாக. "உக்காருங்க. நானும் இங்கதான இருக்கேன்."

கிண்ணம் உருண்டது. எர்மெக் ரொட்டியை மிதித்துக்கொண்டு ஓடினான்.

"என்னய்யா ஆச்சு?" சத்தார் கத்தினார்.

"கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு, சரியப் போகுது!" ஓடிக்கொண்டே அலறினான். "அன்னிக்கும் இவ வந்து சொன்ன கால்மணி நேரத்துல சரிஞ்சிருச்சு!"

பதறி எழுந்த சத்தாரின் சட்டைக் கையைக் கம்கா பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க அகா. தரை அசையல. கண்ணாடிய காலைல நான்தான் ஒடச்சேன்."