ஒரே ஒரு பழைய மெஷின்

"புரோகிராமை ஓட வைக்கிற ஒரு கம்பைலர் போட ரெண்டு நாளாய்யா?"

நான் கேட்டதும் மெக்கானிக் தலையைச் சொறிஞ்சான். எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரையெல்லாம் பார்த்துக்கிறவனுக்கு அதுதான் பட்டப்பேரு.

"நம்ம சீனியர் புரோகிராமர் அக்காவோட சிஸ்டம் பழசு சார். புது கம்பைலர் அதுல நேரா ஏறாது. ஒவ்வொரு பாகமா நாமளே தயார் பண்ணி, பழசைத் தொடாம தனி ஃபோல்டர்ல வைக்கணும்."

"மத்த பதினோரு பேருக்கும் புது சிஸ்டம் போட்டாச்சு. அந்தம்மாவுக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

"அதுல கை பழகிடுச்சு சார். இன்னும் நாலு மாசம்தான், ரிட்டயர் ஆயிடுவாங்க. விட்டுடுங்க சார்."

கை பழகிடுச்சாம்! எப்பப் பாரு காதுல ஹெட்போன். எதிர்ல போனா ஒரு சிரிப்பு கிடையாது. நம்மளைத் தாண்டி எங்கேயோ பார்ப்பாங்க. மேனேஜர்னு ஒரு மரியாதை வேண்டாம்? வேலையில தப்பே வராது, அதனாலதான் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் லீவு. அக்கா வீட்டுக்குக் கிளம்பினதும் நானே உக்காந்தேன். பழைய சிஸ்டத்தை அடியோட அழிச்சுட்டுப் புதுசைப் போட்டேன். கம்பைலர் இருபது நிமிஷத்துல ஏறிடுச்சு. இதுக்குப் போயா ரெண்டு நாள்!

திங்கட்கிழமை காலையில, அக்கா என்னதான் சொல்றாங்கன்னு பார்ப்போமேன்னு, சத்தமில்லாம அவங்க மேஜைக்கிட்ட போய் நின்னேன்.

காதுல ஹெட்போன். ஸ்கிரீன்ல புது சிஸ்டம் பளிச்சுனு நின்னுச்சு. அவங்க அதைப் பார்க்கவே இல்ல. கீபோர்டுல ஒரே பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கிட்டிருந்தாங்க.

ஆள் நிக்கிறது தெரிஞ்சு திரும்பினாங்க. பார்வை என் தோளுக்கு மேல, வெறும் சுவத்துல நின்னுச்சு.

"வந்துட்டியா தம்பி? ஸ்கிரீனைப் படிச்சுச் சொல்லுமே அந்தக் குரல், இன்னிக்கு வரவே மாட்டேங்குதுப்பா. பழைய சிஸ்டத்துலதான் அது ஓடும்னு சொன்னியே, யாராவது மாத்திட்டாங்களா?"

பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!

"ஏன் பேசாம நிக்கிறே? எனக்குக் கண்ணு சுத்தமாப் போயிடுச்சுன்னு உனக்கு மட்டும்தானே தெரியும்? சீக்கிரம் பாருப்பா, மேனேஜர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடு."