எட்டாம் பாகமும் கடைவாய்ப் பல்லும்

"இப்ப சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பறீங்களா, இல்ல எட்டாம் பாகத்துல யார் சாகறாங்கன்னு சொல்லவா?"

மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கதவருகே நின்றாள். வீங்கிய கன்னத்தைத் தலையணையில் புதைத்தபடி சோபாவில் கிடந்த லிஃப்ட் மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

"அடிப்பாவி! சொல்லிடாத! இப்பதான் நூத்திநாப்பதாம் பக்கத்துல இருக்கேன்."

"அப்ப கிளம்புங்க. பல் டாக்டர் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. மூணு மாசமா அந்தக் கடைவாய்ப் பல்லைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"இன்னிக்கு வலி கொஞ்சம் பரவாயில்ல போலத்தான்..."

"அட்டைப்படத்துல அந்தச் செம்பட்டைமுடி இளவரசி இருக்காளே, அவ..."

"கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்!"

இருபதாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கிரீஸ் தடவுகிற மனுஷன். பயம் கிலோ என்ன விலை என்று கேட்பவர். ஆனால் இரண்டே விஷயத்தில் அவருக்குக் கை கால் உதறும். ஒன்று, பல் டாக்டர். இன்னொன்று, படித்துக்கொண்டிருக்கிற கதையை யாராவது முன்கூட்டியே போட்டு உடைத்துவிடுவது.

அதுவும் கதை என்றால் சாதாரணக் கதையா? பன்னிரண்டு பாகம். ஒவ்வொரு பாகத்தையும் தலைக்கு வைத்துப் படுக்கலாம். ஐந்து ராஜ்ஜியம், பறக்கிற நாகங்கள், எண்ணி மாளாத சித்தப்பா பெரியப்பாக்கள். தன் சொந்தச் சித்தப்பா பிள்ளைகளின் பெயரைக் கேட்டால் மனுஷன் திருதிருவென்று விழிப்பார். அந்த ராஜ வம்சத்தில் யார் யாருக்கு மாமன், யார் யாருக்கு மச்சான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏழு தலைமுறையை ஒப்பிப்பார். அது போதாதென்று பீரோ கதவில் வம்சாவளியை எழுதி வேறு ஒட்டி வைத்திருந்தார்.

போன வருஷம் அவர் மூன்றாம் பாகத்தில் இருந்தபோதுதான் மனைவி, "நான் பன்னெண்டையும் முடிச்சாச்சு" என்று போகிற போக்கில் சொன்னாள்.

அவர் நம்பவில்லை.

"நீங்க நல்லவன்னு நினைக்கிற ஆளு நல்லவன் இல்ல. பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

அறுபது பக்கம் தள்ளி, மந்திரி ராஜாவின் கிண்ணத்தில் விஷத்தைக் கலந்தான். அன்றோடு மெக்கானிக்கின் குடுமி அவள் கைக்குப் போனது.

மூன்று வருஷமாகத் தொடாத பரண் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சுத்தமானது. முகம் கொடுத்தே பேசாத மச்சானுக்கு அவராகவே போன் போட்டு நலம் விசாரித்தார். பல் விஷயத்தில் மட்டும் இத்தனை நாளாகப் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தார். இன்று காலை ஒரு வாய் காபி குடிக்க முடியாமல் அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. அதனால்தான் யார் சாகிறார்கள் என்பது வரைக்கும் போய்விட்டாள்.

கிளினிக்கில் எட்டாம் பாகத்தைக் கெட்டியாக மடியில் பிடித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார் மெக்கானிக். டாக்டரம்மா அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, எட்டாம் பாகமா! நான் மொத்தமும் முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இதுல அந்தக் கோட்டைக் கதவு..."

மெக்கானிக் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். அதோடு வாயையும் இறுக மூடிக்கொண்டார்.

"சார், காதை மூடுங்க, வேணாங்கல. வாயைத் திறங்க."

"ம்ஹூம்."

"டாக்டர், நீங்க பல்லை மட்டும் பாருங்க. கதை சொல்றது என் டிபார்ட்மென்ட்" என்ற மனைவி, அவர் காதிலிருந்து ஒரு கையைப் பிடித்து விலக்கினாள். "அந்தக் கோட்டைக் கதவை உள்ளேயிருந்து யார் திறந்து விடறாங்கன்னா..."

கோட்டைக் கதவு திறப்பதற்கு முன்னால் மெக்கானிக்கின் வாய் திறந்துகொண்டது.

அரை மணி நேரத்தில் பல் தட்டில் கிடந்தது. அவ்வளவு பெரிய பல்லா என்று அவரே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு சொத்தை இருக்கு. அடுத்த வாரம் வந்துடுங்க" என்றார் டாக்டர்.

பஞ்சைக் கடித்திருந்ததால் பேச முடியாது. மெக்கானிக்கின் தலை இடமும் வலமுமாக வேகமாக ஆடியது.

"ஒன்பதாம் பாகத்துல..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

தலை மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. ஆட்டியபடியே புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பதினஞ்சு வருஷமா பல்லு பிடுங்கறேன். இப்படி ஒரு மருந்தை நான் பார்த்ததே இல்ல. அது சரி, ஒன்பதாம் பாகத்துல எதைச் சொல்ல வந்தீங்க? அந்த இரட்டைப் பிள்ளைங்க விஷயமா?"

மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"இரட்டைப் பிள்ளைங்களா? இருங்க, எழுதிக்கறேன்" என்று கைப்பைக்குள் பேனாவைத் துழாவினாள். "அப்படியே பன்னெண்டாம் பாகம் வரைக்கும் நாலஞ்சு விஷயம் சொல்லிக் கொடுத்துடுங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். முதல் பாகத்துல முன்னாடி ஒரு வரைபடம் போட்டிருக்கான் பாருங்க, நான் இன்னும் அதையே தாண்டலை!"